சம்பந்திகள் ஈ ஓட்டிய நாள்

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டபோது பிரேக்கம்மா ஒரு காலில் சாக்ஸ் மாட்டிக்கொண்டு, மறு காலைத் தூக்கியபடி, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தாள். போனில் மகள்.

"அம்மா, நான் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கா?"

"இருக்குடி. வாயைத் திறக்கக் கூடாது."

"வாயைத் திறக்கலாம். அத்தை வண்டி ஓட்டறதைப் பத்திப் பேசக் கூடாது. உன் மாப்பிள்ளை ரிவர்ஸ் எடுக்கறதைப் பத்திப் பேசவே கூடாது."

"சரி."

"முக்கியமா, எதுலயும் ஜெயிச்சுடாதே."

"மீன் பிடிக்கறதுல ஜெயிக்க என்னடி இருக்கு? நான் மீனைத் தட்டுல மட்டும் பாத்தவ."

"நீ ஜெயிப்பே. எனக்குத் தெரியும். போன தடவை சீட்டாட்டத்துல விடாம தோக்கடிச்சே, அத்தை தலைவலின்னு போய்ப் படுத்துட்டாங்க. பாவம்மா. ரிட்டயர் ஆனதுலேர்ந்து தனியா இருக்காங்க. ஒரு நாள் துணைக்குப் போயிட்டு வா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

பிரேக்கம்மா என்பது அவளுடைய பெயரில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் வைத்த பட்டம். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். புருஷன் போய்ச் சேர்ந்தபோது விட்டுவிட்டுப் போனது ஒரு காரும் ஒரு கைக்குழந்தையும்தான். இரண்டையும் அவள் ஓட்டத்தில் வைத்திருந்தாள். பயிற்சிக் காரில் அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை மிதிப்பதற்கு முன்பே அவள் போடும் "பிரேக்!" என்ற சத்தத்தில் வண்டி பாதி நின்றுவிடும். மாப்பிள்ளையும் அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவன்தான். மூன்று முறை டெஸ்டில் கோட்டை விட்டான். அம்மாவின் சத்தத்துக்கு இப்படி வியர்க்கிறானே என்று மகள் இரக்கப்பட்டுத் தனியாகச் சொல்லிக்கொடுக்கப் போனாள். அடுத்த முறை பாஸ் பண்ணிய கையோடு அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

அதில் அவளுக்கு வருத்தமில்லை. பையன் தங்கம். வினை கல்யாணத்தன்று வந்தது. மைக் அணைந்துவிட்டது என்று நினைத்து, பக்கத்திலிருந்தவளிடம், "மாப்பிள்ளை தங்கமான பையன், ரிவர்ஸ் மட்டும் சுட்டுப் போட்டாலும் வராது" என்று சொல்லித் தொலைத்தாள். மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அந்தம்மா பிரேக்கம்மாவிடம் பேசுவதெல்லாம் ஆபரேஷனுக்கு முந்தின நாள் நோயாளியிடம் பேசுவது போலத்தான். "சாப்பிட்டீங்களா? நல்லது. வேற ஏதாவது தொந்தரவு இருக்கா? இல்லையா? நல்லது."

அப்படிப் பேசுவதற்கு அந்தம்மாவுக்கு உரிமையும் இருந்தது. அவர் மயக்க மருந்து டாக்டர். பெரிய ஆஸ்பத்திரியில் ஊரில் பாதிப்பேரைத் தூங்கவைத்தவர். ரிட்டயரான பிறகு கை ஓய்ந்து, அந்த வேலையை வாய் எடுத்துக்கொண்டது என்பது பிரேக்கம்மாவின் அபிப்பிராயம். இரண்டு வருஷமாக அந்த வாயில் ஒரே விஷயம்தான்: தூண்டிலில் செயற்கை ஈயைக் கட்டி டிரவுட் மீன் பிடிப்பது.

மீண்டும் ஹாரன். பிரேக்கம்மா சிரித்த முகத்தை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

டாக்டரம்மா கார் ஓட்டிய அழகை என்னவென்று சொல்வது! ரோட்டுக்கு நடுவில் வெள்ளைக் கோட்டை இரண்டு சக்கரத்துக்கும் இடையில் வைத்து, அது தனக்காகவே போட்டது என்ற நினைப்பில் போனார். இடது பக்கம் சிக்னல் போட்டு வலது பக்கம் திரும்பினார். ரவுண்டானாவில் நுழைந்தவர், வெளியேறும் வழியைப் பற்றி மனசு மாறி இன்னொரு சுற்று சுற்றினார். மழையே இல்லை, வைப்பர் இரண்டும் கண்ணாடியில் கிறீச் கிறீச்சென்று அழுதுகொண்டிருந்தன.

காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துப் பிரேக்கம்மாவின் கெண்டைக்கால் கல்லாகிப் போயிற்று. உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரு பஸ் அவர்களை உரசினாற்போல் போனபோது மட்டும் அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ஏதாவது சொன்னீங்களா சம்பந்தி?"

"இருமல்."

"எப்போலேர்ந்து?"

"இப்பத்தான். வந்தது, போயிடுச்சு."

"நல்லது" என்றார் டாக்டரம்மா, அவள் முகத்தைப் பார்த்து. ரோட்டைப் பார்க்கவில்லை.

ஏரி என்று பேர்தானே தவிர, யாரோ ஜல்லி தோண்டி எடுத்துவிட்டுப் போன பெரிய பள்ளம் அது. அதில் தண்ணீர் நின்று, சுற்றிலும் புல்லும் நாணலும் முளைத்து, பார்க்க லட்சணமாகவே ஆகியிருந்தது. வாசலில் ஒரு மரக் கொட்டகை. உள்ளே டிக்கெட் மேஜை, ஒரு பெரிய ஃப்ரீஸர், மூலையில் மீன் தீனி மூட்டைகள். கம்பளித் தொப்பி போட்ட ஏரிக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டாக்டரம்மா. வழக்கமான இடம்தானே? அங்க உங்களை யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க. ஒரு மீன்கூ..." என்றவர் மிச்சத்தை டீயோடு சேர்த்து விழுங்கினார்.

டிக்கெட்டோடு அவர் விதிமுறைகளையும் சொன்னார். கொக்கியில் எதிர்முள் இருக்கக் கூடாது. குத்தினால் வழுக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். ஒரு டிக்கெட்டுக்கு நாலு மீன் வரை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பிடித்ததைத் தண்ணீரிலேயே விட்டாலும் சரி, அவரவர் இஷ்டம்.

வெளியே வந்தால், கரையோரம் தொட்டி வைத்த லாரி ஒன்று நின்றிருந்தது. தடிமனான குழாய் வழியாக மீன்கள் ஏரிக்குள் கொட்டிக்கொண்டிருந்தன, பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் கொட்டுவது மாதிரி.

"பண்ணையிலேர்ந்து வாராவாரம் வரும்" என்றார் ஏரிக்காரர். "நேத்து வரைக்கும் தொட்டிக்குள்ள வேளாவேளைக்குத் தீனி தின்னுட்டு இருந்த பயலுக."

டாக்டரம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "டிரவுட் இருக்கே சம்பந்தி, அது மகா புத்திசாலி. கரையில நிழல் விழுந்தாலே கண்டுபிடிச்சுடும். அதை ஏமாத்தறது ஒரு கலை. பொறுமை வேணும். தியானம் மாதிரி."

அவருக்குப் பின்னால் அந்த மகா புத்திசாலிகள் ஒன்றின் தலையில் ஒன்று விழுந்துகொண்டிருந்தன. பிரேக்கம்மா மறுபடியும் இருமினாள்.

டாக்டரம்மா மாப்பிள்ளையின் ரப்பர் கால்சட்டையை அவளுக்காகக் கொண்டுவந்திருந்தார். மார்பு வரை ஏறும், தோளில் பட்டை மாட்டும் அந்தச் சமாசாரம், ஆறடிப் பையனுக்குத் தைத்தது. அதற்குள் இறங்கி நின்ற பிரேக்கம்மா தண்ணீர் டிரம்முக்குள் தவறி விழுந்தவள் போல் தெரிந்தாள். நடந்தால் "பொளக் பொளக்" என்று ஒரு மரியாதையில்லாத சத்தம் வேறு.

பிறகு பாடம் ஆரம்பித்தது.

"கம்பை மணிக்கட்டால ஆட்டக் கூடாது, முன்கையால ஆட்டணும். கடிகாரம் மாதிரி நினைச்சுக்கங்க. பத்துக்கும் ரெண்டுக்கும் நடுவுலதான் கம்பு போய் வரணும்."

ஸ்டியரிங்கில் கை வைக்கும் இடத்துக்கும் அதே பத்தும் ரெண்டும்தான் அவள் தினம் கத்துவது. சொல்ல வாய் வந்தது. வண்டிப் பேச்சு கூடாது என்று மகள் சொன்னதும் ஞாபகம் வந்தது. தலையை மட்டும் ஆட்டினாள்.

டாக்டரம்மா ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே வரிசை வரிசையாக ஈக்கள். இறகும் பட்டு நூலும் ரோமமும் வைத்து அவரே கட்டியவை. சிறகு, கால், வால் நுனி எல்லாம் இருந்தன. ஊதினால் பறந்துவிடும் போலிருந்தது. நிஜமாகவே நன்றாக இருந்தன. பிரேக்கம்மா கை நீட்டினாள்.

"அதெல்லாம் வேண்டாம், பழகினவங்களுக்கு. உங்களுக்கு இது போதும்." பெட்டியின் மூலையிலிருந்து பழுப்பாக, உருண்டையாக ஒன்றை எடுத்தார். "நான் முதல்முதலா கட்டினது. கொஞ்சம் உருண்டையா வந்துடுச்சு."

கொஞ்சமா? அசல் ஆட்டுப் புழுக்கை. பிரேக்கம்மா மறுக்காமல் அதையே கட்டிவிடச் சொன்னாள். டாக்டரம்மா ஒரு மஞ்சள் சிறகு ஈயைத் தன் நூலில் கட்டிக்கொண்டு, நாணல் புதருக்கு அந்தப் பக்கம் போய் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்.

முதல் வீச்சில் பிரேக்கம்மா தன் தொப்பியையே பிடித்தாள். இரண்டாவதில் டாக்டரம்மாவின் சாப்பாட்டுப் பை. மூன்றாவதில் ஒரு முள்செடி, வேரோடு. அப்புறம் "பத்து... ரெண்டு... பத்து... ரெண்டு" என்று ஸ்டூடண்டிடம் சொல்வது போல் தனக்கே சொல்லிக்கொண்டு வீசினாள். நூல் நீளமாகச் சுருள் பிரிந்து போய், புழுக்கை தண்ணீரில் 'டொப்'பென்று விழுந்தது. மறுநொடி கம்பு வளைந்தது.

"ஐயையோ."

மீன் என்றால் இவ்வளவு பலம் இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கம்பில் நூல் சுற்றியிருந்த வட்டு கரகரவென்று கத்தியது. கை தானாக இழுத்தது. அவள் உடம்பே அப்படி. எதிர்ப்பக்கம் ஒருத்தர் இழுத்தால் இந்தப் பக்கம் விடத் தெரியாது. அப்புறம்தான் மகளின் குரல் காதில் அடித்தது. எட்டிப் பார்த்தாள். நாணலுக்கு மேல் டாக்டரம்மாவின் தொப்பி மட்டும் தெரிந்தது. அமைதியாக இருந்தது, தியானம் மாதிரி.

பிரேக்கம்மா நூலைத் தளர்த்தினாள். மீன் போகவில்லை. "போடா" என்றாள் மெதுவாக. தளர்ந்த நூலோடு அது அவள் காலடிக்கே வந்து நின்று, வாய் ஓரத்தில் புழுக்கையோடு, கோரிக்கை மனு கொடுக்க வந்தவன் போல் பார்த்தது. குனிந்து கொக்கியை உருவி, வயிற்றில் ஒரு தள்ளு தள்ளி அனுப்பினாள்.

மீன் விழாத இடமாகப் பார்த்து வீசினால் போதும் என்று தோன்றியது. முழங்காலளவுகூட ஆழமில்லாத ஓரத்தில் போட்டாள். அங்கேயும் ஒருவன் வந்தான், முதுகு வெளியே தெரியத் தெரிய ஓடி வந்தான். அவனையும் அனுப்பினாள். பிறகு வீசவே இல்லை. கம்பை அக்குளில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். தொங்கிய புழுக்கை தண்ணீரைத் தொட்டதும் இன்னொருவன் எம்பிக் கவ்வினான். "உங்களுக்கு வேற வேலையே இல்லையாடா?" என்று அவள் பல்லைக் கடித்தாள். நாணலுக்கு அந்தப் பக்கம் சம்பந்தியம்மா ஈ ஓட்டிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் இவளுக்கு நிற்க நேரமில்லை.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. நூலைப் பல்லால் கடித்து, புழுக்கையைத் துப்பிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். வெறும் நூலை வீசி வீசி இழுத்தாள். இதைவிட நிம்மதியான வேலை உலகத்தில் இல்லை என்று அவளுக்குப் பட்டது. காற்று நன்றாக வந்தது. டாக்டரம்மா சொன்ன தியானம் இதுதான் போலிருக்கிறது.

"ஏதாவது கடிச்சுதா?" டாக்டரம்மா நாணலைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"எங்க! ஒண்ணும் இல்லை."

"மனசைத் தளர விடாதீங்க. எனக்கும் ரெண்டு மூணு தடவை பக்கத்துல வந்து பாத்துட்டுப் போச்சு." அவர் பார்வை நூலின் நுனிக்குப் போனது. "உங்க நூல்ல ஈயே இல்லையே!"

"விழுந்திருக்கும்."

"ஈ இல்லாமலா இவ்வளவு நேரமா வீசிட்டு இருந்தீங்க?" அவர் முகத்தில், கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாக, ஒரு சந்தோஷம் வந்தது. பெட்டியைத் திறந்தார். சிறகு வைத்த நல்ல ஈக்களில் ஒன்றையே எடுத்துக் கட்டினார். கட்டும்போது சிரித்துக்கொண்டே இருந்தார். காரியம் கைகூடிவிட்டது என்று பிரேக்கம்மா நினைத்தாள்.

அப்போதுதான் ஏரிக்காரர் கரையோடு நடந்து வந்தார், டீக் கோப்பையும் கையுமாக, வாயெல்லாம் பல்லாக.

"அம்மா, கொட்டகையிலேர்ந்து பாத்துட்டே இருந்தேன். என்ன கைம்மா உங்களுக்கு! வந்த மீனையெல்லாம் விட்டுட்டீங்களே! ஒண்ணு இவ்வளவு பெருசு இருந்துச்சே!" அவர் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அளவு காட்டினார். தாராளமாகக் காட்டினார். "டாக்டரம்மா, இவங்ககிட்ட நீங்க கத்துக்கணும்."

ஏரியில் எங்கோ ஒரு மீன் துள்ளி விழுந்தது. டாக்டரம்மா மரப்பெட்டியை மூடினார். 'டக்'கென்று.

"சாப்பிடலாம்" என்றார்.

கரையில் ஒரு பெஞ்சு இருந்தது. இருவரும் ரப்பர் கால்சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். வெள்ளரிக்காய் வைத்த பிரெட், ஃபிளாஸ்கில் டீ. டாக்டரம்மா ஒரு துண்டை முழுக்க மென்று, விழுங்கி, வாயைத் துடைத்த பிறகுதான் பேசினார்.

"ஏன் விட்டீங்க?"

"பாவமா இருந்துச்சு."

"எதைப் பாத்து? மீனையா, என்னையா?"

பிரேக்கம்மா ஃபிளாஸ்க் மூடியைத் திருகித் திருகி மூடினாள்.

"நீங்க பாவம் பாக்கற ஆளா? என் பையனுக்கு ரிவர்ஸ் வராதுன்னு மைக்ல சொன்ன ஆளு நீங்க. ஊரே சிரிச்சுது."

"மைக் அணைஞ்சிருக்குன்னு நினைச்சேன்!"

"அணைஞ்சிருந்தா சொல்லலாமா?"

"வராதுதானே! போன வாரம்கூட எங்க கேட்டை இடிச்சான்." சொல்லிவிட்டு அவள் நாக்கைக் கடித்தாள். ஆனால் மூடி ஏற்கெனவே கழன்றுவிட்டது; இனி நிறுத்த முடியவில்லை. "நீங்க மட்டும் என்ன! காலையிலேர்ந்து என் உயிர் என்கிட்ட இல்லை. இடது பக்கம் சிக்னலைப் போட்டுட்டு வலது பக்கம் திரும்பறீங்க. அந்த வைப்பரையாவது நிறுத்துங்கம்மா, அது கதறுது!"

"அது நிக்கலை. எப்படி நிறுத்தறதுன்னு தெரியலை. உங்களைக் கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தான்."

"யாரு?"

"என் பையன். அத்தை முன்னாடி வண்டிப் பேச்சை எடுக்காதேம்மா, அவங்க ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்கன்னு. மயக்க மருந்து பத்தியும் பேசாதே, தூங்கிடுவாங்கன்னு. எல்லாத்துக்கும் தலையாட்டினேன். எதுக்கு? உங்களுக்காக."

"எனக்காகவா?"

"மக போனதுலேர்ந்து வீட்டுல தனியா இருக்காங்க, பேச ஆளில்லாம செவுத்தோட பேசறாங்க, ஒரு நாள் கூட்டிட்டுப் போம்மா, உனக்குப் புண்ணியம்னான். எனக்கு மட்டும் ஞாயித்துக்கிழமை வேற வேலை இல்லையா?"

பிரேக்கம்மா ஃபிளாஸ்கைப் பெஞ்சில் 'டொக்'கென்று வைத்தாள்.

"செவுத்தோட நான் எங்க பேசினேன்? நீங்கதான் ரிட்டயர் ஆனதுலேர்ந்து தனியா இருக்கீங்கன்னு என் மக சொன்னா. பாவம், துணைக்குப் போயிட்டு வா, உனக்குப் புண்ணியமாப் போகும்னு."

"நானா பாவம்?"

"அப்ப நானா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டுச் சதி என்றால் இதுதான். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு போனில், இரண்டு அம்மாக்களுக்கும் ஒரே புண்ணியத்தை விற்றிருக்கிறார்கள்.

"ஒரே வார்த்தை" என்றார் டாக்டரம்மா. "புண்ணியம்! வார்த்தையைக்கூட மாத்தலை. சோம்பேறிங்க."

கோபம் எங்காவது போக வேண்டுமே. டாக்டரம்மா எழுந்தார். "அந்த அசிங்கம் எங்க? நான் கட்டின உருண்டை. அதைக் குடுங்க."

பிரேக்கம்மா சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். டாக்டரம்மா அதைத் தன் நூலில் கட்டி, கரையில் நின்றபடியே, பிள்ளை மருமகள் இருவரையும் மனசில் நிறுத்திக் கம்பை ஓங்கிப் பின்னால் வீசினார். பத்து, ரெண்டு எல்லாம் போய், கம்பு நாலு மணிக்குப் போய் நின்றது. மிச்சப் பிரெட்டை எடுக்கக் குனிந்திருந்த பிரேக்கம்மா "ஆ!" என்று கத்தியது அக்கரை வரை கேட்டிருக்கும்.

கொக்கி இறங்கியிருந்த இடம், ஒருவர் உட்காருவதற்கென்றே கடவுள் படைத்த இடம்.

ஏரிக்காரர் ஓடி வந்தார். நிலவரத்தைப் பார்த்ததும் அதே வேகத்தில் திரும்பி, கொட்டகையைத் திறந்துவிட்டு, தான் லாரிப் பக்கம் போய் நின்றுகொண்டார். உள்ளே பிரேக்கம்மா ஃப்ரீஸர் மேல் கவிழ்ந்து படுத்தாள். வயிற்றுக்குக் கீழே ஃப்ரீஸர் உறுமியது.

"டாக்டரம்மா, ஏதாவது ஊசி கீசி வச்சிருக்கீங்களா? மரத்துப்போக?"

"இல்லை. கையை வீசிட்டுத்தான் வந்தேன்."

"வாழ்நாள் பூரா ஊருக்கெல்லாம் குடுத்தீங்க, எனக்கு மட்டும்..."

"பேசாதீங்க. மூச்சை மெதுவா இழுங்க." அந்தக் குரல் மாறியிருந்தது. தாழ்வாக, அவசரமே இல்லாமல், வெதுவெதுப்பாக இருந்தது. இந்தக் குரலை அவள் இதுவரை கேட்டதே இல்லை. ஒரு கை இடுப்பின்மேல் லேசாக வந்து அமர்ந்தது. "நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போக மாட்டேன். பத்துலேர்ந்து பின்னாடி எண்ணுங்க, எனக்குக் கேக்கற மாதிரி."

"பத்து" என்றாள் பிரேக்கம்மா. அவளை யாராவது இப்படிப் படுக்கச் சொல்லி, நான் இருக்கேன் என்று சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. "ஒன்பது. எட்டு..."

"எழுந்திரிங்க. வந்துடுச்சு."

"எப்போ?"

"ஒன்பதுலயே. எட்டு சும்மா." டாக்டரம்மா கொக்கியைத் தூக்கிக் காட்டினார். ஏரிக்காரரின் முதலுதவிப் பெட்டியிலிருந்து மருந்து தடவி, பிளாஸ்டர் ஒட்டினார். பிறகு, கையைத் துடைத்துக்கொண்டே, ஃப்ரீஸரைப் பார்த்துச் சொன்னார்: "அந்த வேலை போனதுலேர்ந்து, யார்கிட்டயும் நான் இருக்கேன்னு சொல்ல ஒரு சந்தர்ப்பம் வரலை. அதுதான் வாய் ஓயாம எதையாவது பேசிட்டு இருக்கேன் போல. பையன் சொல்றது பொய்யில்லை."

பிரேக்கம்மா ஃப்ரீஸரிலிருந்து கால் ஊன்றி இறங்கினாள். "என் மக சொன்னதும் முழுப் பொய்யில்லை" என்றாள். "உங்க பையன் சொன்னதும்தான். செவுத்தோட பேசறதில்லை. ஆனா காரோட பேசறேன். அதுவும் கண்ணாடியைத் துடைக்கும்போது."

மூலையில் சாய்ந்திருந்த மூட்டைகளில் ஒன்று கிழிந்து தீனி சிந்திக் கிடந்தது. பழுப்பு உருண்டைகள். டாக்டரம்மா குனிந்து ஒன்றை எடுத்தார். மறு கையிலிருந்த புழுக்கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். எது ஈ, எது தீனி என்று பெத்தவருக்கே தெரியவில்லை.

"கலை!" என்றார் வெறுப்போடு. "ரெண்டு வருஷம் சிறகு சிறகா ஒட்டினேன். இதுங்க மூட்டையைத் தேடிட்டு இருந்திருக்கு."

அதன் பிறகு நடந்ததைத் தியானம் என்று எந்த மதத்திலும் சொல்ல மாட்டார்கள். பிளாஸ்டரோடு தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதால் பிரேக்கம்மா கரையில் நின்று வீசினாள். டாக்டரம்மா வலையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றார். "இழுங்க! விடாதீங்க! ஐயோ, பிரேக், பிரேக்!" என்று அவர் போட்ட கூச்சலில் மகா புத்திசாலிகள் பயந்து ஓடியிருக்க வேண்டும், ஓடவில்லை. நடுவில் ஒருமுறை டாக்டரம்மாவைக் கரைக்கு வரவழைத்து, கம்பை அவரிடம் கொடுத்து, பின்னால் நின்று முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "முன்கை, முன்கை, உங்க பாடம்தான்" என்று சொல்லியும் பார்த்தாள். அதே இடம், அதே புழுக்கை. ஒன்றும் கடிக்கவில்லை. கம்பு கை மாறியதும் கடித்தது.

"இதுங்களுக்கு என் மேல என்ன தனிப்பட்ட விரோதம்னு தெரியலை" என்றார் டாக்டரம்மா, வலையில் மீனை ஏந்தியபடி. ஆனால் அவர் முகத்தில் கோபமில்லை. தொப்பி தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. தலைமுடியெல்லாம் நனைந்து, பத்து வயசு குறைந்தாற்போல் இருந்தார்.

நாலு மீனோடு கிளம்பினார்கள். திரும்பும் வழியில் பிரேக்கம்மா ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, அடி வயிற்றிலிருந்து கத்தினாள். "இண்டிகேட்டர்! அது இல்லை, அது ஹெட்லைட்! கோட்டுக்கு இந்தப் பக்கம் வாங்கம்மா, அது மாலை இல்லை கழுத்துல போட்டுக்க!" டாக்டரம்மா திருப்பிக் கத்தினார். வைப்பர் நின்றது. இருவருக்கும் தொண்டை கட்டியது.

டாக்டரம்மாவின் சமையலறை ஆபரேஷன் தியேட்டர் போலப் பளபளத்தது. மேடையில் மீன்களைப் பரப்பியதும் அவர் இரண்டடி பின்வாங்கினார்.

"இதை எப்படிச் சுத்தம் பண்றதுன்னு எனக்குத் தெரியாது. இதுவரைக்கும் அந்த நிலைமை வரலை."

"எத்தனை ஆபரேஷன் பாத்திருப்பீங்க!"

"நான் எப்பவும் தலைப்பக்கம்தான் உக்காருவேன் சம்பந்தி. வயித்துப்பக்கம் நடக்கற விவகாரம் எனக்குத் தெரியாது."

பிரேக்கம்மா கத்தியை எடுத்தாள். டாக்டரம்மா நாற்காலியை இழுத்து, சொன்னபடியே மீன்களின் தலைப்பக்கம் உட்கார்ந்துகொண்டார். இரண்டாவது மீனில் போன் அடித்தது. மகள். பிரேக்கம்மா முழங்கையால் பட்டனை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா! எப்படி இருந்துச்சு? அத்தை சந்தோஷமா இருந்தாங்களா? நீ ஒண்ணும் ஜெயிச்சுடலையே?"

பிரேக்கம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். டாக்டரம்மா கையை உயர்த்தி நிறுத்தினார். போன் பக்கம் குனிந்து, ஆபரேஷனுக்கு முந்தின நாள் குரலில் பேசினார்.

"நான்தான் பேசறேன்மா. பயப்படும்படியா ஒண்ணும் இல்லை. உங்கம்மாவுக்கு ஒரு சின்னக் காயம். நான்தான் பண்ணினேன். ரத்தம் நின்னுடுச்சு."

பிறகு மாப்பிள்ளையின் குரல் ஓடி வந்தது. "அம்மா? என்னம்மா ஆச்சு? அத்தை எங்க?"

"இங்கதான் இருக்காங்க. கையில கத்தி வச்சிருக்காங்க" என்றார் டாக்டரம்மா. அது சுத்தமான உண்மை. "நாங்க பேசித் தீத்துக்கறோம். நீங்க நாளைக்கு வந்தாப் போதும். நல்லது."

போனை வைத்தார். பிறகு பிரேக்கம்மா மேடையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி சிரித்தார். போன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அந்தச் சிரிப்பில் அடுப்பில் போட்ட முதல் மீன் ஒரு பக்கம் கரிந்து போயிற்று.

கரியாத பக்கமாகப் பிய்த்து ஆளுக்கு ஒரு வாய் வைத்தார்கள். மென்றார்கள். பிரேக்கம்மா மரியாதைக்காக விழுங்கினாள். ஜல்லிக் குழியின் சேறு அப்படியே நாக்கில் நின்றது.

டாக்டரம்மா முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். மெதுவாகத் தண்ணீர் குடித்தார். மிச்சமிருந்த வெள்ளரிக்காய் பிரெட்டை இருவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தார்.

"நல்லவேளை" என்றார், "ரெண்டு வருஷமா எனக்கு ஒண்ணும் மாட்டலை."